நீர் தேங்குவதற்கு முன்: புதிய நீர்த்தேக்கத்தில் மக்களுக்கும் காட்டுயிர்களுக்கும் இடம் வகுப்பது எப்படி?

புதிதாக ஒரு நீர்த்தேக்கம் வரப்போகிறது என்றால் முதலில் கைக்கு வருவது ஒரு வரைபடம். நடுவே நீல நிறத்தில் ஒரு பரப்பு. அதன் ஓரத்தில் படகுத்துறை, பூங்கா, நடைபாதை, பறவைகள் சரணாலயம் என்று குறியீடுகள். திட்டக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், இயற்கை ஆர்வலர்கள் என எல்லோரும் அந்தக் குறியீடுகளை எங்கே நகர்த்தலாம் என்று உடனே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் அந்த நீல நிறத்தையே சந்தேகப்படுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வரைபடத்தில் இருப்பது முழுக் கொள்ளளவில் நீர் நிற்கும் எல்லை. பல நீர்த்தேக்கங்களில் நீர் அந்த எல்லையைத் தொட்டு நிற்பது ஆண்டில் சில வாரங்கள்தான். வறட்சி ஆண்டில் அதுவும் கிடையாது.

கீழே இருப்பது வேலையைச் செய்ய வேண்டிய வரிசை. பெரும்பாலானவற்றை அணையில் நீர் நிறுத்துவதற்குள் முடித்தாக வேண்டும். மண் வெட்டும் இயந்திரங்கள் உலர்ந்த பள்ளத்தாக்கில் நிற்கும்போது ஒரு தீவை எழுப்புவது சிறிய வேலை. பத்து மீட்டர் நீர் நின்ற பிறகு அதே தீவை எழுப்ப எவரிடமும் பணமும் இராது, மனமும் இராது.

1. திட்டத்தின் நோக்கப் பட்டியலில் இடம் பிடியுங்கள்

குடிநீர், பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு என்று நீர்த்தேக்கத்தின் நோக்கங்கள் திட்ட ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கும். பொழுதுபோக்கும் காட்டுயிர்ப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், செலவைக் குறைக்கும் நாள் வரும்போது முதலில் வெட்டப்படுவது அவைதான். அமெரிக்காவில் இது சட்டமாகவே வந்தது. அணைகள் கட்டும் ராணுவப் பொறியாளர் படைக்குப் பொழுதுபோக்கு வசதிகள் அமைக்கும் அதிகாரத்தை 1944 ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் தந்தது. நீர்த் திட்டங்களில் காட்டுயிருக்குச் சமமான கவனம் வேண்டும் என்று 1958 இல் வந்த திருத்தம் சொன்னது. 1965 இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி போய், பொழுதுபோக்குக்கென்று தனியாக ஆகும் செலவில் பாதியையும் பின்னாளைய பராமரிப்பையும் உள்ளூர் அமைப்பு ஏற்க முன்வர வேண்டும் என்றது.

அந்த மூன்றாவது விதியில் எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் ஒரு கேள்வி இருக்கிறது. கட்டுவது யார் என்பதை விட, இருபது ஆண்டு கழித்துக் கழிப்பறையைச் சுத்தம் செய்வது யார், படகுத்துறைப் பலகையை மாற்றுவது யார்? அந்தப் பெயரும் அதற்கான நிதி வரும் வழியும் முதல் ஆவணத்திலேயே எழுத்தில் இருக்கட்டும். கரை நிலம் யாருக்குச் சொந்தமாக இருக்கும் என்பதையும் இப்போதே கேளுங்கள். முழு மட்டம் வரைக்கும் மட்டுமே நிலம் கையகப்படுத்தினால், நடைபாதைக்கும் மரவேலிக்கும் இடமே இராது. தென் அமெரிக்காவின் பரானா ஆற்றில் உள்ள இதாய்ப்பு நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சராசரியாக 200 மீட்டர் அகலத்தில் ஒரு பசுமை வளையம் இருக்கிறது. நிலம் எடுக்கும்போதே அந்த வளையத்தையும் சேர்த்து எடுத்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

2. நீர்மட்டத்தை வரையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பொறியாளர்களிடம் நீர்த்தேக்க இயக்கக் கணக்கு இருக்கும். கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளின் ஆற்று வரத்தை வைத்து, அணை அப்போதே இருந்திருந்தால் ஒவ்வொரு மாதமும் நீர்மட்டம் எங்கே நின்றிருக்கும் என்று கணக்கிட்டிருப்பார்கள். அந்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் மீண்டும் கேளுங்கள். அது கையில் இல்லாமல் போடும் எந்தத் திட்டமும் ஊகம்தான். அதிலிருந்து முழு மட்டம், சாதாரண ஆண்டின் தாழ்மட்டம், கடும் வறட்சியின் தாழ்மட்டம் ஆகியவற்றை எடுங்கள். வெள்ளத்தின்போது முழு மட்டத்துக்கு மேல் நீர் எவ்வளவு ஏறும் என்பதும் வேண்டும். இவற்றுக்குரிய சமஉயரக் கோடுகளை ஒரே வரைபடத்தில் வெவ்வேறு நிறங்களில் வரையுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முழு மட்டம் 120 மீட்டர், சாதாரண தாழ்மட்டம் 112, வறட்சி மட்டம் 104 என்று வைத்துக்கொள்வோம். கரையின் சரிவு எட்டுக்கு ஒன்று, அதாவது எட்டு மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்றால், சாதாரண ஆண்டில் நீர் விலகும்போது 64 மீட்டர் அகலத்துக்குச் சேறு வெளியே தெரியும். அதே நீர்த்தேக்கத்தின் மேல்முனையில், ஆறு வந்து சேரும் இடத்தில், சரிவு அறுபதுக்கு ஒன்றாக இருந்தால் சேற்றின் அகலம் 480 மீட்டர். முதல் இடத்தில் படகு இறக்கலாம். இரண்டாவது இடத்தில் படகுத்துறை கட்டினால் ஆண்டில் பாதி நாள் அது சேற்றில் நிற்கும். ஆனால் அந்தச் சேறு உள்ளான்களுக்கும் மற்றக் கரைப்பறவைகளுக்கும் நல்ல மேய்ச்சல் நிலம். மக்களுக்கு எங்கே, பறவைகளுக்கு எங்கே என்ற சச்சரவில் பாதியை இந்தச் சரிவுக் கணக்கே தீர்த்துவிடும்.

பிறகு ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் நீர்மட்டம், பறவைகள் கூடு கட்டும் காலம், வலசைப் பறவைகள் வரும் காலம், மீன்கள் முட்டையிடும் காலம், மக்கள் அதிகம் வரும் காலம் ஆகியவற்றைக் குறியுங்கள். முக்குளிப்பான் நீர்த் தாவரங்களோடு சேர்த்து மிதக்கும் கூடு கட்டும். நீர் வேகமாக ஏறினால் கூடு மூழ்கும். வேகமாக இறங்கினால் தரை தட்டி, நரிக்கும் நாய்க்கும் எட்டிவிடும். கூடு கட்டும் ஓரிரு மாதங்களில் மட்டம் நிலையாக இருக்குமா என்பது அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும்.

தாளோடு நின்றுவிடாதீர்கள். நில அளவையாளரை அழைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கி, முக்கியமான இடங்களில் மூன்று மட்டங்களையும் கம்பம் நட்டு வண்ணம் பூசிக் காட்டச் சொல்லுங்கள். தலைக்கு மேல் எங்கோ முழு மட்டக் குறி, காலடியில் வறட்சிக் குறி, நடுவே இன்று புல் மேய்ந்துகொண்டிருக்கும் ஆடு. வரைபடத்தை எத்தனை முறை பார்த்தும் புரியாதவர்களுக்கு இதைக் கண்டதும் புரிந்துவிடும். உள்ளூர் மக்களுடனான கலந்தாய்வுக் கூட்டத்தை இந்தக் கம்பங்களுக்கு அருகிலேயே வைப்பது நல்லது.

3. எது மூழ்கப்போகிறது என்று கணக்கெடுங்கள்

நீர்த்தேக்கம் வந்தால் பறவைகள் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் வரப்போகும் வாத்துக் கூட்டம், போகப்போகும் ஆற்றுக்கு ஈடாகாது. ஓடும் நீரில் வாழும் மீன்கள், கரையோரக் காடு, மணல் திட்டில் முட்டையிடும் பறவைகள், ஆற்று வழியாகவே நடமாடும் நீர்நாய் என்று இழப்பவற்றின் பட்டியலை முதலில் எடுங்கள். குறைந்தது ஓர் ஆண்டு முழுக்க, எல்லாப் பருவங்களிலும் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். ஒரே பருவத்தில் இரண்டு வாரம் சுற்றிவந்து எழுதிய அறிக்கையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது தீவுகளில். பள்ளத்தாக்கில் நீர் நிறையும்போது குன்றுகளின் உச்சிகள் தீவுகளாக நிற்கும். வரைபடத்தில் அவற்றைச் சுற்றி வட்டமிட்டு 'காட்டுயிர்ப் பகுதி' என்று எழுதிவிடத் தோன்றும். தாய்லாந்தின் சியூ லார்ன் நீர்த்தேக்கம் 1986-87 இல் நிரம்பியது. அங்கே தீவுகளாகிப்போன காட்டுத் துண்டுகளில் இருந்த சிறு பாலூட்டிகள் ஏறத்தாழ முழுவதும் 25 ஆண்டுகளில் அழிந்துபோயிருந்ததை 2013 இல் வெளியான ஆய்வு காட்டியது. பனாமா கால்வாய்க்காகத் தேக்கிய காட்டுன் ஏரியில் உள்ள பாரோ கொலராடோ தீவு 1923 முதல் பாதுகாக்கப்பட்ட காடு. வேட்டையும் வெட்டும் இல்லாத அந்தப் பெரிய தீவிலிருந்தே பல பறவையினங்கள் மறைந்துவிட்டன. தப்பிப் போகவும் வந்து சேரவும் வழியில்லாத இடத்தில் சிறு எண்ணிக்கையில் எஞ்சும் உயிரினம் நிலைப்பதில்லை.

எனவே தரைவாழ் விலங்குகளுக்கு வேண்டியது, கரைக்கு மேலே மற்றக் காட்டோடு தொடர்ந்து இணைந்திருக்கும் நிலம். நீர் ஏறுவதற்கு முன் விலங்குகள் தாமாக விலகிச் செல்லும் திசையில் வேலியோ புதிய சாலையோ குறுக்கே வராமல் பாருங்கள். ஆப்பிரிக்காவின் சாம்பேசி ஆற்றில் கரிபா அணை 1958 இல் நீரைத் தேக்கத் தொடங்கியபோது, தீவுகளில் சிக்கிய விலங்குகளைப் படகில் ஏற்றி மீட்கும் பணி 1964 வரை நடந்தது. 6,000 க்கும் மேற்பட்ட விலங்குகள் மீட்கப்பட்டன. அந்த மனிதர்களின் உழைப்பை வணங்குகிறேன். அந்த நிலை மீண்டும் வராமல் முன்கூட்டியே வழி விடுவதே திட்டமிடுபவரின் வேலை.

4. காட்டுயிருக்கான இடத்தை முதலில் ஒதுக்குங்கள்

மக்களுக்கான வசதிகளை வைத்துவிட்டு மிச்சத்தைப் பறவைகளுக்குக் கொடுத்தால், ஆழமான, செங்குத்தான, எதற்கும் உதவாத மூலைதான் அவற்றுக்கு மிஞ்சும். பெரும்பாலான நீர்த்தேக்கங்களில் காட்டுயிருக்கு உகந்தது ஆறு வந்து சேரும் ஆழமற்ற மேல்முனை. அணைக்கு அருகே நீர் ஆழம், அலை பெரிது, கரையில் தாவரம் குறைவு. படகோட்டிகளுக்கு அந்த ஆழம்தான் தேவை. இயற்கையே போட்டுத் தந்த பாகப்பிரிவினை இது.

இங்கிலாந்தின் ரட்லண்ட் நீர்த்தேக்கம் இதற்கு நல்ல பாடம். 1970களில் அதைக் கட்டியபோதே மேற்கு முனையில் மண்கரைகள் எழுப்பித் தனிக் குளங்களை உண்டாக்கினார்கள். பெரிய நீர்ப்பரப்பில் மட்டம் இறங்கினாலும் இந்தக் குளங்களில் நீர் தனியாக நிற்கும். பாய்மரப் படகுகள் கிழக்கே அகன்ற நீரில், பறவைகள் மேற்கே. அந்த நீர்த்தேக்கம் 1991 இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 1996 இல் ஸ்காட்லாந்திலிருந்து விராலடிப்பான் என்ற மீன் தின்னும் வேட்டைப்பறவையின் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கினார்கள். 2001 இல் அவை அங்கே இனப்பெருக்கம் செய்தன. பின்னாளில் அதிக நீர் எடுக்க வேண்டி வந்தபோது, அதற்கு ஈடாக மேலும் குளங்களை வெட்டினார்கள்.

அப்படிப்பட்ட குளத்தை எப்படி அமைப்பது? மேல்முனையில் ஒரு கிளை ஓடையின் குறுக்கே முழு மட்டத்தை விடச் சற்று உயரமாக மண்கரை. அதில் பலகை செருகி மட்டத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சிறு மதகு. வெள்ளம் வழிந்து செல்லக் கல் பாவிய ஒரு தாழ்ந்த பகுதி. உள்ளே அடித்தளம் ஒரே சமமாக வேண்டாம். கணுக்கால் ஆழம், முழங்கால் ஆழம், ஆளுயர ஆழம் எல்லாம் கலந்திருக்கட்டும். நடந்து இரை தேடும் பறவைக்கு ஒன்று, முக்குளித்து மீன் பிடிக்கும் பறவைக்கு இன்னொன்று. கரையின் விளிம்பு நேர்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து போனால் ஒதுங்க இடம் அதிகம். மதகின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதிவையுங்கள்.

கூடு கட்டத் தீவு எழுப்புவதாக இருந்தால், தாழ்மட்டத்திலும் அதைச் சுற்றி நீர் நிற்க வேண்டும். நீர் இறங்கியதும் கரையோடு ஒட்டிக்கொள்ளும் தீவு கூடுகளுக்குக் கண்ணி. சுற்றிலும் ஆழமாக ஓர் அகழியை இப்போதே தோண்டிவிடுங்கள். தீவின் உச்சி வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். ஓரங்கள் மிக மெல்லிய சரிவாக இருக்கட்டும். மேலே சரளைக்கல் பரப்பினால் ஆலாக்கள் முட்டையிட வரும். மட்டம் பெரிதும் ஏறி இறங்கும் இடங்களில் நங்கூரமிட்ட மிதவைத் தளத்தின் மேல் சரளை பரப்பி, குஞ்சு விழாதபடி விளிம்பு கட்டி, ஒதுங்கச் சிறு கூரைகள் வைத்தால் போதும். அது நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

மரங்களை எல்லாம் வெட்டிச் சுத்தமாக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன் வரைபடத்தோடு போய் உட்காருங்கள். படகு செல்லும் வழியிலும் நீச்சல் இடத்திலும் அணைக்கு அருகிலும் அடியோடு வெட்ட வேண்டும். ஒதுக்குப்புறமான கிளை நீர்களில் நிற்கும் மரங்களை விட்டுவிடலாம். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அமரவும் கூடு கட்டவும் அவை உதவும். வேர்களுக்கிடையே மீன் குஞ்சுகள் ஒளியும். ஆனால் அளவு முக்கியம். அதிகமான தாவரம் மூழ்கி அழுகினால் நீரில் ஆக்சிஜன் குறையும்.

கரைக்குக் கான்கிரீட் பூசுவதை அணைக்கு அருகில் தேவையான இடத்தோடு நிறுத்துங்கள். இங்கிலாந்தின் எஸெக்ஸில் உள்ள அபர்டன் நீர்த்தேக்கம் முதலில் கான்கிரீட் விளிம்போடு கட்டப்பட்டது. 2010களில் கொள்ளளவை உயர்த்தியபோது அதை உடைத்து நீக்கி, மென்சரிவான மண் ஓரங்களை அமைத்தார்கள். அந்தச் செலவை நீங்கள் தொடக்கத்திலேயே மிச்சப்படுத்தலாம்.

5. மக்களுக்கான இடத்தை வகுங்கள்

முதலில் வாகன நிறுத்துமிடத்தின் அளவை முடிவு செய்யுங்கள். எத்தனை வண்டிகள் நிற்க முடியுமோ அத்தனை பேர்தான் வருவார்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் இதுவே மிகவும் நம்பகமானது. பெரிய நிறுத்துமிடம், உணவகம், விளையாட்டுத் திடல் எல்லாம் அணைப்பக்கம் ஒரே இடத்தில் குவியட்டும். மேல்முனையில் சிறிய நிறுத்துமிடமும் நடந்து மட்டுமே போகக்கூடிய பாதையும் போதும்.

படகு இறக்கும் சரிவுக்கு 12 முதல் 15 விழுக்காடு வரையிலான சாய்வு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. முன்பு பார்த்த கணக்கையே எடுத்துக்கொண்டால், சாதாரண தாழ்மட்டத்துக்கும் கீழே ஒரு மீட்டர் வரை போக 13 விழுக்காட்டில் ஏறத்தாழ 70 மீட்டர் நீளம் வேண்டும். வறட்சியிலும் படகு இறங்க வேண்டும் என்றால் 130 மீட்டர். அந்தக் கீழ்ப்பகுதியை உலர்ந்த தரையில் இப்போது கட்டிவிடுவதா, வறட்சியில் படகை நிறுத்திவைப்பதா என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். எல்லா ஆண்டும் எல்லாப் படகுக்கும் வசதி செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பறவைகளிடமிருந்து எவ்வளவு தள்ளி இருப்பது? அமெரிக்காவின் புளோரிடாவில் 1990களில் நடந்த ஓர் ஆய்வு, கொக்கு, நாரை போன்றவை கூட்டமாகக் கூடு கட்டும் இடங்களுக்கு 100 மீட்டரும், ஆலாக்கள் கூடு கட்டும் இடங்களுக்கு 180 மீட்டரும் இடைவெளி பரிந்துரைத்தது. உங்கள் ஊர்ப் பறவைகள் வேறாக இருக்கலாம். தொடங்குவதற்கு இந்த எண்கள் உதவும். நீரில் மிதவைக் கயிறு கட்டி எல்லையைக் காட்டுங்கள். அறிவிப்புப் பலகையைப் படிக்காதவர்கள்கூட மிதவையைத் தாண்டத் தயங்குவார்கள். நடைபாதை எப்போதும் கரையை ஒட்டியே ஓட வேண்டாம். மேல்முனையில் அது மரங்களுக்குப் பின்னால் விலகி, ஓரிரு இடங்களில் மட்டும், ஒளிந்திருந்து பறவைகளைப் பார்க்கும் மறைவுக் குடிலுக்கு இறங்கட்டும். குடிலுக்குச் செல்லும் வழியில் இருபுறமும் ஆள் உயரத் தட்டி வேண்டும். குடில் மட்டும் மறைவாக இருந்து வழி திறந்து கிடந்தால், ஆள் உள்ளே நுழையும் முன் பறவைகள் பறந்துவிடும். சக்கர நாற்காலியில் வருபவரும் பார்க்கும்படி ஒரு பார்வைத் துளையாவது தாழ்வாக இருக்கட்டும்.

கழிப்பறைகளும் கழிவுநீர்த் தொட்டிகளும் வெள்ள மட்டத்துக்கு மேலே, நீரை விட்டுத் தள்ளி. குடிநீர் நீர்த்தேக்கத்தில் இதில் எந்தச் சமரசமும் கூடாது.

6. உயிர் காக்கும் ஏற்பாடுகள்

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்ததும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. காட்டுயிரைக் காட்டும் படகில் இது எதிர்பார்க்க வேண்டிய நடத்தை. ஆகவே எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தாலும் கவிழாத படகு, ஏறும்போதே எண்ணிக்கைக் கட்டுப்பாடு, ஒவ்வொருவருக்கும் மிதவை அங்கி ஆகியவை உறுதியாகும் வரை படகுச் சேவைக்கு அனுமதி தரக் கூடாது.

அணைக்குக் கீழேயும் மக்கள் வருவார்கள் என்பதை மறக்காதீர்கள். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றில், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். கீழ்நிலை ஆற்றங்கரையில் ஒலிக்கும் சைரன், பல மொழிகளில் பலகை, ஓடி ஏறப் படிகள், நீர் திறப்பதற்கு முன் ஆள் அனுப்பிப் பார்க்கும் நடைமுறை ஆகிய நான்கும் வேண்டும். அணைக்கு மேலே, உபரிநீர்ப் போக்கிக்கு முன்பாக மிதவைத் தடுப்புச் சங்கிலி கட்டாயம்.

கட்டுமானக் காலத்துக்கும் திட்டம் வேண்டும். இதாய்ப்பு நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த செத்தே கேடாஸ் அருவியைக் கடைசியாகப் பார்க்கக் கூட்டம் கூடியபோது, 1982 ஜனவரியில் நடைபாலம் அறுந்து பலர் இறந்தார்கள். மூழ்கப்போகும் இடத்துக்கு விடைகொடுக்க மக்கள் வருவது இயல்பு. அவர்களுக்கு வழியும் காவலும் ஏற்பாடு செய்யுங்கள்.

7. முதல் பத்து ஆண்டுகள்

புதிதாக மூழ்கிய மண்ணிலிருந்து சத்துகள் கரைவதால் முதல் சில ஆண்டுகளில் மீன் வளம் பெருகும். பிறகு அது இறங்கி நிலைப்படும். அந்தத் தொடக்க வளத்தை நம்பி மீன்பிடி உரிமங்களையும் தங்குமிடங்களையும் பெருக்கிவிடாதீர்கள். மூழ்கிய மண்ணில் உள்ள பாதரசம் மீன்களில் சேரக்கூடும் என்பதும் கவனத்தில் இருக்கட்டும். கனடாவின் கியூபெக்கில் லா கிராண்ட் நீர்த்தேக்கங்களில், பெரிய மீன்களில் அது பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 30 ஆண்டுகள் ஆயின. நீர் நிறுத்துவதற்கு முன்பே ஆற்று மீன்களில் பாதரச அளவை எடுத்துவைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

வேற்றிடத் தாவரங்களும் உயிரினங்களும் புதிய நீரில் வேகமாகப் பரவும். கரிபாவில் 1962 வாக்கில் நீர்ப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை சால்வினியா என்ற மிதவைப் பெரணி மூடியிருந்தது. ஆகாயத்தாமரையும் அப்படித்தான். வட அமெரிக்காவின் மீட் ஏரியில் 2007 இல் குவாகா சிப்பி கண்டறியப்பட்டது; படகுகளின் அடியில் ஒட்டி ஏரிக்கு ஏரி பயணம் செய்யும் உயிர் அது. படகு இறக்கும் சரிவுக்கு மேலேயே கழுவும் இடம் கட்டி, கழிவுநீர் மீண்டும் நீர்த்தேக்கத்துக்குள் ஓடாமல் வடிகால் அமையுங்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு படகும் சோதித்து, கழுவி, உலர்த்திய பிறகே இறங்கட்டும்.

பறவைக் கணக்கெடுப்பு, நீரின் தரம், வருவோர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டறிக்கையில் போடுங்கள். எந்த நிலை வந்தால் எந்தப் பகுதி மூடப்படும் என்பதை, திறப்பு விழாவுக்கு முன்பே விதியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூடு கட்டும் மாதங்களில் மேல்முனைப் பாதையை மூடும் அதிகாரம் அங்கே தினமும் நிற்கும் காவலருக்கே இருக்க வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வருவதற்குள் அந்த ஆண்டின் குஞ்சுகள் போயிருக்கும்.